கூடப் படித்தவன் போய்விட்டால் நாம் செய்யக்கூடியது

பத்தாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ராயபுரத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் அவனுக்காகச் செய்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடும் முன் அவன் வீட்டில் ஒருவரிடம் பேசிவிடுங்கள். எப்போது எடுக்கிறார்கள், எந்த மயானம், மூலகொத்தளமா காசிமேடா என்று கேட்டு எல்லாவற்றையும் ஒரே செய்தியாகப் போடுங்கள். வகுப்பு செட்டுக்கே சேர்த்து ஒரு மாலை போதும். மிச்சப் பணத்தைக் கவரில் போட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அவன் மனைவி கையில் கொடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போட வேண்டாம். கையில் காசில்லாத தோழன் அதைப் பார்த்துவிட்டு துக்கத்துக்கே வராமல் இருந்துவிடுவான்.

அடுத்தது காகித வேலை. வீட்டில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிய வேண்டும், அதற்குள் கட்டணம் இல்லை. வங்கி பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு; குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்றால் அதனோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். எங்கள் தோழனுக்கு அந்த 436 ரூபாயைக் கண்டுபிடித்தது வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் வகுப்புப் பெண்தான். அவன் மனைவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, அவன் நினைவுகளைச் சேர்த்து வைப்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. புருஷனாக அவனை மனைவிக்குத் தெரியும், அப்பாவாகப் பிள்ளைகளுக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பையனாக அவனைப் பார்த்தவர்கள் நாம்தான். அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘அவனைப் பற்றிச் சொல்லு’ என்று கேட்டால் ‘நல்லவன், எல்லாருக்கும் உதவுவான்’ என்றுதான் பதில் வரும். எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், டப்பாவில் என்ன கொண்டு வருவான், யாரோடு சண்டை போட்டான் என்று கேளுங்கள். எங்களுக்கு வந்தவை இப்படித்தான் இருந்தன: நெத்திலி வறுவல் கொண்டு வந்தால் மூடியைத் திறப்பதற்குள் பின்பெஞ்சுக்கே தெரிந்துவிடும். கேரம்போர்டில் தோற்றால் கல்மண்டபம் வரை யாரோடும் பேசாமல் நடப்பான். 2004 டிசம்பர் சுனாமியில் அவன் புத்தகமெல்லாம் நனைந்து போனது. பொதுத்தேர்வுக்கு முன்னால் ஆளுக்கொரு பாடமாக நோட்டு எழுதிக் கொடுத்தோம். அறிவியல் நோட்டில் மட்டும் ‘படத்துக்கு இடம் விடுங்கடா, நானே வரையறேன்’ என்றான். இதைக் கேட்டதும் அவன் மகள், அப்பா வீட்டில் இன்ஜின் படம் வரைந்து வைத்திருந்த காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினாள்.

ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லி, அதில் பேசியிருப்பதை அப்படியே ஒருவர் தட்டச்சு செய்யட்டும். பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம். பட்டப்பெயரைச் சேர்க்கும் முன் அவன் அம்மாவைக் கேளுங்கள். பள்ளிக்கால காதல் கதைகளை நாங்கள் சேர்க்கவில்லை. சேர்க்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

வகுப்பு போட்டோவைக் கண்ணாடிக்கு மேல் போனில் எடுத்தால் வெளிச்சம் அடிக்கும். சட்டத்திலிருந்து கழற்றி, ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கினாலும் ஓரளவு தெளிவாக வரும். குழுவில் அவன் அனுப்பிய குரல் பதிவுகளை இன்றைக்கே தனியாகச் சேமியுங்கள். போனை மாற்றும்போது பேக்கப் இல்லையென்றால் அந்தக் குரல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, எழுதியதை அச்சடித்து, இரண்டையும் வீட்டில் கொடுங்கள்.

முதல் மாதம் அந்த வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். நான்காவது மாதத்தில் வாசலில் செருப்பே இருக்காது. அதனால் எல்லாரும் ஒரே நாளில் போகாமல் மாதத்துக்கு இருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் வசதியுள்ள இருவரைப் போடுங்கள், பிள்ளைகளின் ஃபீஸும் யூனிஃபார்மும் அப்போதுதான் வரும்.