கணினி பிராசசரில் ஒரு கோர் மட்டும் சூடாகிறதா?
கணினி முழு லோடில் வேலை செய்யும்போது, பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால், புது கூலர் (பிராசசர் மேல் உட்காரும் குளிர்விப்பான்) வாங்கக் கிளம்பாதீர்கள். இருக்கிற கூலரைக் கழற்றி, பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் கூலர் சாய்ந்து உட்காரும். மறுபக்கம் பேஸ்ட் தடிமனாகத் தங்கி, அதன் கீழுள்ள கோரின் சூடு சரியாக மேலே ஏறாது. பேஸ்ட் டியூப் ஒன்றுதான் செலவு.

எல்லா கோரும் சேர்ந்து கொதித்தால் காரணம் பெரும்பாலும் தூசி அல்லது ஃபேன். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகில் இருப்பவர்கள் முதலில் கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கோர்களுக்கிடையே 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதற்காகத் தயவுசெய்து கழற்றாதீர்கள்.