குளச்சல் வீட்டுச் செலவில் தொடங்கி உலக நாடுகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரு நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால், தலைக்கு இவ்வளவு ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த எண் உடனே இடறும். குவைத்திலோ சவூதியிலோ வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்தப் பணம் நேராக இந்திய ஜிடிபியில் சேராது. வீட்டுச் சோற்றில் சேரும். நிறுவனங்களின் லாபம் ஜிடிபியில் உண்டு. அது எல்லார் தட்டுக்கும் வந்துவிடுவதில்லை. ஆகவே வீடுவீடாகப் போய்க் கேட்ட கணக்கெடுப்பைக் கையில் எடுப்போம்.

படி 1: வருமானமா, செலவா?

குளச்சலில் விசைப்படகில் போகிறவருக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும். அந்த மாதம் பார்த்து வருமானத்தைக் கேட்டால், குடும்பமே பட்டினி என்று தோன்றும். ஆனால் சேமிப்பிலோ கடனிலோ உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் நுகர்வே, அதாவது குடும்பம் உண்டு உடுத்திப் பயன்படுத்துவதன் மதிப்பே, நம்பகமான அளவுகோல் என்பது என் கருத்து. இந்தியாவின் கணக்கெடுப்பும் நுகர்வைத்தான் கேட்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலும் வருமானத்தைக் கேட்கின்றன. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

படி 2: ஒரு வீட்டின் கணக்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். 2017ஆம் ஆண்டு விலையில் ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

மீன், காய்கறி, பழம் போன்றவற்றைக் கடந்த 7 நாளுக்குக் கேட்க வேண்டும். போன மாதம் எத்தனை ரூபாய்க்குச் சாளை வாங்கினீர்கள் என்றால் யாருக்கு நினைவிருக்கும்? வாரம் 2,100 ரூபாய் என்றால், 7ஆல் வகுத்து 30ஆல் பெருக்க, மாதம் 9,000. கேஸ், கரண்ட், போன், பஸ் எல்லாம் மாதக் கணக்கு: 5,000. துணிமணி, பள்ளிக் கட்டணம் போன்றவை ஆண்டுக்கு 48,000. பன்னிரண்டால் வகுத்தால் 4,000.

எத்தனை நாளுக்குக் கேட்பது என்ற இந்த நினைவுக்கால விஷயத்தை லேசாக எண்ண வேண்டாம். 1999-2000இல் நடந்த இந்திய நுகர்வுக் கணக்கெடுப்பின் 55ஆம் சுற்றில் ஒரே உணவுப் பொருளுக்கு 7 நாள், 30 நாள் என இரண்டையும் கேட்டார்கள். அந்த எண்களைப் பழைய சுற்றுகளோடு ஒப்பிடலாமா என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓடியது.

சரி, விளையில் (தோப்பில்) விழுந்த தேங்காய், பிடுங்கிய மரச்சீனி (மரவள்ளி), ரேஷனில் கிடைத்த இலவச அரிசி? காசு கொடுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளூர் விலை போட்டுச் சேருங்கள்: 2,000. இதை விட்டால் எங்கள் ஊர் வீடுகள் உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். புது வீடு கட்டிய செலவு நுகர்வு அல்ல; சேர்க்க வேண்டாம்.

மொத்தம் 20,000. ஐந்தால் வகுத்தால் தலைக்கு 4,000.

படி 3: தலைக்கணக்கு

ஒரே கூரை, ஒரே விளக்கு ஐந்து பேருக்கும் போதும் என்பதால், சிலர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். அப்போது 20,000ஐ 2.24ஆல் வகுக்க, சுமார் 8,930 வரும். உலக வங்கி வறுமைக் கணக்கில் தலைக்கணக்கையே வைத்திருக்கிறது. எந்த முறை எடுத்தாலும் எல்லா நாட்டுக்கும் அதையே எடுங்கள்.

படி 4: ரூபாயை டாலராக்குவது

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. 2017இல் ஒரு டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாய். அந்த விகிதத்தில் நம் 4,000 ரூபாய் ஒரு நாளைக்கு 2.05 டாலர்தான். ஆனால் முடிவெட்டும் கூலியும் பஸ் கட்டணமும் இங்கே அமெரிக்காவைவிட மிகக் குறைவு. அந்த விலை வித்தியாசத்தை ஈடுசெய்வதுதான் வாங்கும்திறன் சமநிலை. நாடுகளின் விலைகளை ஒப்பிடும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017 சுற்றில் இந்தியாவுக்கு வந்த எண் 20.65; அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே 20.65 ரூபாய்க்கு வாங்கலாம். இப்போது வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 6.46 டாலர். அதே வீடு, அதே சோறு, எண் மட்டும் மூன்று மடங்கு! (20.65 மொத்த ஜிடிபிக்கான எண். வீட்டு நுகர்வுக்கெனத் தனி எண் உண்டு. உண்மையான ஆய்வில் அதைப் பயன்படுத்துங்கள்.)

படி 5: சராசரி

இந்தியாவின் 2022-23 நுகர்வுக் கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளில் கேட்டார்கள். ஒவ்வொரு வீடும் பல வீடுகளுக்குப் பிரதிநிதி; அதற்கான பெருக்கு எண் தரவிலேயே இருக்கும். வீட்டுச் செலவைப் பெருக்கு எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். உறுப்பினர் எண்ணிக்கையையும் அப்படியே கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சராசரி. கூடவே இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பாருங்கள். சில பெரிய பணக்காரர்கள் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். ஆனால் நடுவில் நிற்கும் வீட்டை அவர்களால் அசைக்க முடியாது.

இந்தத் தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசம். முதலில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தை மட்டும் எடுத்து, அரசுத் திட்டங்களில் இலவசமாகக் கிடைத்த பொருட்களின் மதிப்பை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுங்கள்; ஒப்பிடப்போகும் அரசின் எண் அப்படிப் போட்டதுதான். அரசு வெளியிட்ட எண் தலைக்கு மாதம் 5,310 ரூபாய். உங்களுக்கும் அது வந்தால் அடுத்த நாட்டுக்குப் போகலாம். வரவில்லையா? உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்கு எண்ணால் பெருக்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம், 7 நாள் கணக்கை மாதக் கணக்காக மாற்றினீர்களா என்று பாருங்கள்.