ஆர்எக்ஸ்-8ல் எல்எஸ் காயில் போடுவது எப்படி

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருந்தால் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த வண்டியில் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் கொடுக்கிற சாமான்) கடைசிவரை கூடவே வருகிற சாமான் இல்லை, பிளக் மாதிரி தேய்ந்து தீர்கிற சாமான். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினில் ஒரு பிளக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வேலை. இங்கே இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுற்றுகிற ரோட்டரி இன்ஜின், ஒவ்வொரு ரோட்டருக்கும் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வேண்டும். 9,000 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் நொடிக்கு 150 முறை. இத்தனையும் இன்ஜின் பக்கத்திலேயே, பானெட்டுக்குள் வெந்துகொண்டே நடக்கிறது.

காயில் சாகும்போது ஒரேயடியாகச் சாகாது. முதலில் மேல் ஆர்பிஎம்மில் பிக்கப் குறையும், அப்புறம் ஐடில் ஆடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து பிளக் பெட்ரோலில் நனைந்து நிற்கும், கடைசியில் மிஸ்ஸிங் அடித்து செக் இன்ஜின் லைட் மின்னும். ஸ்கேனரில் வரும் கோடு பி0301 என்றால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். லைட் மின்ன ஆரம்பித்துவிட்டால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து உள்ளே உள்ள தேன்கூடு மாதிரிக் கட்டத்தை உருக்கி அடைக்கும், அடைத்தால் எக்ஸாஸ்ட் சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜினிலேயே தங்கி ரோட்டரின் சீல்களைத் தின்னும். ஒரு காயிலுக்குப் பார்த்தால் இன்ஜினே போகும்.

காசு போடுவதற்கு முன் ரோட்டரிக்கு உரிய மீட்டரில் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். சாதாரண பிஸ்டன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. கம்ப்ரஷன் விழுந்த இன்ஜினை எந்தக் காயிலும் காப்பாற்றாது.

சரி, எந்தக் காயில்? என் ஓட்டு ஜிஎம் கம்பெனியின் எல்எஸ் வகை வி8 இன்ஜின் காயிலுக்கு, அதிலும் ஷெவர்லே டிரக்குகளில் வந்த டி585. முதுகில் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கும், காயில் கரண்டை ஆன், ஆஃப் செய்கிற இக்னைட்டர் உள்ளேயே இருக்கும். பழைய வி8 சில்வராடோ ஒன்றைப் பிரித்தால் எட்டு காயில் கிடைக்கும், உங்களுக்கு நான்கே போதும். கனெக்டரையும் ஒரு சாண் ஒயரோடு சேர்த்து வெட்டி வாங்குங்கள். பெயர் தெரியாத டூப்ளிகேட் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று விழுந்துவிடாதீர்கள், சூடேறினால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும்.

இந்தக் காயில் பழைய பிராக்கெட்டில் உட்காராது. அலுமினியத் தகட்டில் புதிதாக ஒன்று அடியுங்கள், அல்லது ரெடிமேட் வாங்குங்கள். காயில்களுக்கு நடுவே காற்று போக இடைவெளி விடுவது முக்கியம். பழைய பிளக் ஒயரும் ஆகாது, ஒரு முனையில் எல்எஸ் பூட் (ரப்பர் உறை), மறுமுனையில் பிளக் பூட் உள்ள ஒயர் வேண்டும். பழையதைக் கழற்றும் முன்னாலேயே எல்1, எல்2, டி1, டி2 என்று நான்கிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழ்ப் பிளக் லீடிங் (எல்), மேல் பிளக் டிரெய்லிங் (டி); 1 முன் ரோட்டர், 2 பின் ரோட்டர். ஒயர் மாறினால் தப்பான நேரத்தில் எரியும், ரோட்டரி அதை மன்னிக்காது.

பிளக்கையும் இதோடு மாற்றிவிடுங்கள். ஒரிஜினல் என்ஜிகே பிளக்கில் லீடிங்குக்கு ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டின் ஹீட் ரேஞ்சும் (சூட்டை வெளியேற்றும் அளவு) வேறு, இடம் மாற்றிப் போடக்கூடாது. பிளக் முனையின் இடைவெளியையும் (கேப்) தொடாதீர்கள், இவற்றைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கை நன்றாகப் போகும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

இனி ஒயரிங். வேலை நிற்பதும் விழுவதும் இங்கேதான். பேட்டரியைக் கழற்றுங்கள். மாஸ்டா கனெக்டரில் மூன்று ஒயர், எல்எஸ் கனெக்டரில் நான்கு பின். ஏ பவர் எர்த், பி சிக்னல் எர்த், சி டிரிகர் (ஸ்பார்க் விடச் சொல்லும் சிக்னல்), டி 12 வோல்ட். மாஸ்டா பக்கம் எது எது என்று மல்டிமீட்டரில் பாருங்கள்: பேட்டரியைத் திரும்ப மாட்டி சாவி ஆன் செய்தால் 12 வோல்ட் காட்டுவது ஒன்று, சாவி ஆஃப் நிலையில் பாடியோடு பீப் அடிப்பது எர்த், மிச்சம் டிரிகர். டிரிகர் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே வைக்காதீர்கள், அது நேராக ஈசியூவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, போகிறது.

பழைய 12 வோல்ட் ஒயரையே நான்கு பெரிய காயிலுக்கும் நம்பாதீர்கள். அதை ஒரு ரிலேவைத் தூண்ட மட்டும் வைத்துக்கொண்டு, காயில்களுக்கான கரண்டை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தடித்த ஒயரில் கொண்டு வாருங்கள். நான்கு ஏ பின்களும் சேர்ந்து இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் சுரண்டிய இடத்தில், ஒரே போல்ட்டில் இறுக வேண்டும். பி பின்கள் மாஸ்டாவின் பழைய எர்த் ஒயருக்குப் போகும். இரண்டையும் காயில் பக்கத்தில் ஒன்றாக முறுக்கிவிட்டால் காயில் கரண்ட்டின் இரைச்சல் சிக்னலில் ஏறி, காரணமே பிடிபடாத மிஸ்ஸிங் வரும்.

கடைசியாக ட்வெல், அதாவது ஸ்பார்க்குக்கு முன் காயில் கரண்ட் குடிக்கிற நேரம். ஈசியூவில் கம்பெனி எழுதிவைத்த மேப் (நேரக் கணக்கு) பழைய சின்னக் காயிலுக்கு உரியது. அதிலேயே இந்தக் காயிலும் ஓடும், ஆனால் முழுதாக நிறையாது. டி585 நிறைய 14 வோல்ட்டில் சுமார் 4.5 மில்லி நொடி வேண்டும். ஆனால் 9,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கே 6.7 மில்லி நொடிதான், அதில் ஸ்பார்க் எரியவும் நேரம் விட வேண்டும். ஆகவே ஈசியூவை மாற்றி எழுதுகிற டியூனரிடம் கீழ் ஆர்பிஎம்மில் முழு ட்வெல் வைத்து மேலே போகப் போகக் குறைத்து எழுதச் சொல்லுங்கள், வோல்டேஜுக்கு ஏற்ப ட்வெல்லை மாற்றுகிற டேபிளையும் சேர்த்து. ட்வெல் அதிகமானால் இந்தக் காயில் தன்னைக் காத்துக்கொள்ள ஈசியூ சொல்வதற்கு முன்னாலேயே ஸ்பார்க்கை விட்டுவிடும், ரோட்டரியில் முன்கூட்டி எரிந்தால் ரோட்டர் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் உடையும். டியூன் கையில் இல்லாதவர் கம்பெனி ட்வெல்லிலேயே விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

ஸ்டார்ட் செய்து ஐடில் நிலைத்ததும் இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள், பூட் சரியாக உட்காராத இடத்தில் நீலமாகப் பொறி தெரியும். நன்றாகச் சூடேற ஒரு ஓட்டம் ஓட்டி, ஆறியதும் எர்த் போல்ட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மேல் ஆர்பிஎம்மில் வண்டி மூச்சுத் திணறினால் காயிலைச் சந்தேகப்படாமல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.