'இட்'டைக் கத்தரித்த கதை

திருப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்தேன். வந்தவர்கள் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்கள், கணக்கு எழுதுபவர்கள். பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் 'யுவர் சென்ட் சாம்பிள் ரிசீவ்ட்' என்று வரும். விச், ஹூ, தட் என்று பட்டியல் போட்டு இரண்டு வாரம் நடத்தினேன். ஒன்றும் ஏறவில்லை.

கோளாறு எங்கே என்று அப்புறம்தான் உறைத்தது. 'நீங்கள் அனுப்பிய சாம்பிள்' என்னும்போது 'அனுப்பிய' என்ற பெயரெச்சம் 'சாம்பிள்' என்ற பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர் முந்திக்கொள்ளும், விளக்கம் பின்னால் வரும்.

சரி, துண்டுச்சீட்டுதான் வழி என்று ஒன்றில் 'தி சாம்பிள்', இன்னொன்றில் 'யூ சென்ட் இட் ஆன் மண்டே' என்று எழுதவைத்தேன். 'இட்'டைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சீட்டின் தொடக்கத்தில் 'விச்' ஒட்ட வேண்டும். தி சாம்பிள் விச் யூ சென்ட் ஆன் மண்டே! அதற்குப் பிறகும் 'விச் யூ சென்ட் இட்' அவ்வப்போது தலைகாட்டியது. ஆனால் நான் சொல்லும் முன்பே அவர்களே அடித்துவிடுவார்கள்.

'டியர் சர்' போட்டால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் போட்டால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. 'ஆவன செய்யவும்' என்பதற்கு எழுதும் 'டூ தி நீட்ஃபுல்'லை மட்டும் கடைசிவரை யாரும் விட்டுத்தரவில்லை.