தனியாகத்தானே போகிறேன் என்று படகை எடுக்கும் முன்

2020 மே 13. இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தி, இனி தண்ணீரில் இறங்கலாம் என்று விட்ட நாள். ஏழு வாரமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த எனக்கு அது போதாதா? அந்த வாரக் கடைசியிலேயே தென்கரையில் சிச்செஸ்டர் கழிமுகத்தில் நிறுத்தியிருந்த என் பழைய லேசர் படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். லேசர் ஒரே ஆள் ஓட்டுகிற சின்னப் பாய்மரப் படகு. நீளம் 4.2 மீட்டர், உடல் மட்டும் 59 கிலோ, ஒரே ஒரு பாய். அன்று செய்த தவறுகளை எண்ண ஒரு கை விரல் போதாது.

முதல் தவறு கரையிலேயே, மண்டைக்குள் நடந்தது. 'தனியாகத்தானே போகிறேன், யாருக்கு என்ன தொற்றிவிடப் போகிறது?' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். படகு கவிழ்ந்து திரும்ப ஏற முடியாமல் போனால் யார் வருவார்கள்? இந்த நாட்டுக் கரைகளில் பெரும்பாலும் ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளையின் மீட்புப் படகுதான் வரும். 1824இல் தொடங்கியது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்; அழைப்பு வந்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருபவர்கள். கரையோரத்துக்கு அவர்கள் அனுப்பும் ரப்பர் படகுகளில் சிறியது 5 மீட்டர். அதில் ஏற்கெனவே மூன்று பேர். தோளைப் பிடித்து உங்களை உள்ளே இழுத்துப் போடுவார்கள்; நீங்கள் குடித்த உப்புத் தண்ணீரை அவர்கள் முகத்துக்கு நேரே இருமுவீர்கள். அன்றைய விதியான இரண்டு மீட்டர் இடைவெளிக்கு அங்கே எங்கே போவது? உங்களுக்குத் தொற்று இருந்திருந்தால் அந்த மூவரும் அன்று வீட்டில் ஒதுங்க வேண்டியிருந்திருக்கும். அடுத்த அழைப்புக்குப் போக ஆள் குறைந்திருக்கும்.

வழக்கமாக கிளப் பந்தயங்களில் ஒரு மோட்டார் படகு நம்மைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கவிழ்ந்தால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் நிற்கும். அது பழகிப்போனதால், என் தைரியத்தில் பாதி அந்த மோட்டாருடையது என்றே எனக்குத் தெரியாது. அன்று கிளப் பூட்டியிருந்தது.

அப்புறம் தக்கை. லேசரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று அதைத் திறந்து வைப்போம். தண்ணீரில் இறக்கும் முன் தக்கையைப் போட்டு மூட வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இரண்டு மாதம் படகைத் தொடாத எனக்கு மறந்துவிட்டது. இருபது நிமிடத்தில் படகு சாணியில் கால் வைத்த மாடு மாதிரி நகர்ந்தது. காற்று குறைந்துவிட்டது என்று நினைத்தேனே தவிர, உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்று தோன்றவில்லை. பாயைத் திருப்பும்போது உள்ளே இருந்த தண்ணீர் ஒரே பக்கமாக ஓடியது. கவிழ்ந்தேன்.

அன்று வெயில் 20 டிகிரி, நானும் வெயிலைப் பார்த்து டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்தேன். மேலே மிதவைச் சட்டை இருந்தது, பிழைத்தேன். மே மாதத்தில் அந்தக் கடல் 12 டிகிரி அளவில்தான் இருக்கும். மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவனுக்கு இது கடல் கணக்கிலேயே சேராது. விழுந்த கணத்தில் நெஞ்சு தானாக மூச்சை இழுத்தது, நிறுத்த முடியவில்லை. வாய் தண்ணீருக்கடியில் இருக்கும்போது இது நடந்தால் அத்தோடு கதை முடிந்தது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். ஆகவே முதலில் நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு சீராகட்டும். ஆடையையும் வெயிலுக்கு அல்ல, தண்ணீருக்குத் தக்கபடி போடுங்கள். உடலோடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட்டில் கரையில் வியர்த்தால் வியர்க்கட்டும்.

நல்லவேளை, பாய்க்கயிற்றைக் கையிலிருந்து விடவில்லை. விட்டிருந்தால் அவ்வளவுதான். கவிழ்ந்த படகைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு மிதவைச் சட்டையோடு யாராலும் நீந்த முடியாது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று படகை நிமிர்த்தினேன். ஏறுவதற்குள் மறுபடி சாய்ந்தது. இரண்டாவது முறை பாதி ஏறி வழுக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தே கழிந்த ஏழு வாரமும் அந்த நேரத்தில் என் கைகளில் தெரிந்தது. மூன்றாவது முறை எப்படியோ வயிற்றால் ஊர்ந்து உள்ளே விழுந்தேன். நெடுநாள் கழித்து இறங்குகிறீர்களா? இடுப்பளவு தண்ணீரில், கரையை ஒட்டி, வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து ஏறிப் பாருங்கள். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் தேறியவர் என்றால் படகை இன்னும் சில வாரம் தொடவே வேண்டாம்.

காற்றையும், கடல் ஏறி வற்றும் ஓதத்தையும் தனித்தனியே பார்ப்பது இன்னொரு தவறு. சிச்செஸ்டரில் கழிமுகத்தின் வாய் தெற்கே ஆங்கிலக் கால்வாயில் திறக்கிறது. வடக்கிலிருந்து கரைக்காற்று அடித்தால், மரங்களின் மறைவில் கரையோரத் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடக்கும்; கரையை விட்டு விலகப் போகப் போகத்தான் காற்று பலக்கும். அதே நேரம் கடல் வற்றத் தொடங்கினால் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து வெளிக்கடலுக்குத் தள்ளும். ஆகவே வற்றும்போது கிளம்பாதீர்கள்; ஏறும் தண்ணீரில் போனால் அதுவே கழிமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

முகக்கவசம்? அந்த நாளில் கரையில் போட்டாலும் படகில் கழற்றிவிட வேண்டியதுதான். நனைந்த துணி மூக்கில் ஒட்டினால் மூச்சு விட முடியாது.

முடியாவிட்டால் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கலாம் என்பதும் அந்த வருடம் பொய்த்தது. அர்ஜென்டினாக்காரர் ஹுவான் மானுவேல் பயெஸ்தெரோ 2020 மார்ச்சில் போர்ச்சுகலின் போர்த்தோ சாந்தோ தீவிலிருந்து 9 மீட்டர் படகில் தனியாகக் கிளம்பினார். வழியில் ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவு நாடான கேப் வெர்டேயில் கரையேற விடவில்லை. தொடர்ந்து போய், 85 நாள் கழித்துச் சொந்த நாட்டின் மார் தெல் பிளாத்தா நகரை அடைந்தபோதும், கொரோனா சோதனை முடிவு வந்த பிறகுதான் அவர் கரையில் கால் வைத்தார். அவர் கைதேர்ந்த மாலுமி. நமக்குப் படகுத்துறை பூட்டியிருக்கிறதா, இறங்கும் சரிவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு போன் செய்வது போதும்.

போன் என்றதும் கடைசித் தவறு. என் போன் நீர்புகாப் பைக்குள் பத்திரமாக இருந்தது. பை படகில் கட்டியிருந்தது. படகை விட்டுப் பிரிந்தால் போனையும் விட்டுப் பிரிவேன் என்று யோசிக்கவில்லை. இப்போது அது மிதவைச் சட்டையில் தொங்குகிறது, கூடவே உதவி கேட்டுப் பேச ஒரு கையடக்க ரேடியோவும். கிளம்பும் முன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுகிறேன்: எங்கே இறங்குகிறேன், வெள்ளைப் படகு, பாயின் எண், திரும்பும் நேரம் 3.30, 4 மணி வரை சத்தமில்லை என்றால் அவசர எண் 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' (கடலோரக் காவல்) என்று கேள். அதன் அடியில் என் மனைவி பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'தக்கை போட்டாயிற்றா?'