அப்பாவின் வண்டியைத் தொடுவதற்கு முன்: திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கு

ஸ்பேனர் செட்டைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஊருக்குப் போன் போட்டு ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டியின் ஆர்சி புக் யார் பேரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும்? நான் கேட்கவில்லை. பதினெட்டு நாள் லீவில் பதினொரு நாள் அதிலேயே போனது.

வண்டி, 2009-இல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். அப்பா 2022-இல் போய்விட்டார். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் ஏறியபோது அது ஹேண்டில்பார் வரை முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் அம்மா சேற்றைக் கழுவி, சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டாள். "அவன் வந்து பாப்பாம்லா" என்று சொல்லி மெக்கானிக்கைக்கூடத் தொட விடவில்லை. நான் போய்ச் சேர ஒன்றே கால் வருடம் ஆனது.

டொராண்டோவில் என் காரை நானேதான் பார்க்கிறேன். அந்தத் தைரியத்தில், வைத்த அளவுக்கு போல்ட் முறுகியதும் 'டிக்' என்று சத்தம் போடும் அரை இஞ்ச் டார்க் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனேன். அது செய்த வேலையைச் சொல்கிறேன். கார் சக்கர நட்டுக்கான ரெஞ்ச் அது. நாற்பது நியூட்டன் மீட்டர் முறுக்குக்குக் கீழே அதற்குக் கணக்குக் கிடையாது. பைக் இன்ஜின் மூடியில் இருக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பத்தே போதும். 'டிக்' சத்தம் வரட்டும் என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன். சத்தம் வரவில்லை, அலுமினிய மரைதான் சுருள் சுருளாகக் கையோடு வந்தது. லேத் பட்டறையில் 8 மி.மீ. மரை போட்டுச் சரிசெய்தார்கள். கொண்டுபோவதாக இருந்தால் கால் இஞ்ச் டார்க் ரெஞ்ச் கொண்டுபோங்கள். அது அங்கே சட்டென்று கிடைப்பதில்லை.

கொண்டுபோக வேண்டிய இன்னொன்று, ஜப்பான் அளவு ஸ்க்ரூடிரைவர். பழைய ஸ்பிளெண்டரின் நட்சத்திர ஸ்க்ரூ எல்லாம் ஜேஐஎஸ் என்கிற அந்த ஜப்பான் அளவுதான். நம் பிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தினால் அது பள்ளத்தைவிட்டு மேலே ஏறும், நாலாவது திருப்பில் தலை வழுக்கையாகிவிடும். துருவேறிய ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட் டிரைவர் வேண்டும்; பின்னால் சுத்தியலால் ஓர் அடி கொடுத்தால் அந்த அடியையே திருப்பமாக மாற்றித் தரும்.

மற்றதெல்லாம் ஊரில் வாங்குங்கள். ஜங்ஷன் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைகளில் மாடல் பெயரைச் சொன்னால், இன்ஜின் பக்கவாட்டில் சுழலும் மேக்னட்டைக் கழற்றும் கருவியான மேக்னட் புல்லரை எடுத்துக் கொடுப்பார்கள். வண்டிக்கு வண்டி அதன் மரை மாறும். புல்லரை முழுக்க உள்ளே ஏற்றியபிறகுதான் அதன் நடு போல்ட்டை முறுக்கவேண்டும். சுத்தியலால் மேக்னட்டைத் தட்டவே கூடாது. கிராங்க் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) முனையில் எண்ணெய் வடிகட்டும் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நான்கு பள்ள நட்டுக்கும் தனி சாக்கெட் உண்டு. அது இல்லாதவர்கள் உளியை வைத்துத் தட்டுவார்கள். நான் அதைத் திறந்தபோது கிண்ணத்துக்குள் ஆற்று வண்டல் மெழுகு மாதிரி அப்பியிருந்தது. வடித்த ஆயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது.

முங்கிய இன்ஜினை எடுத்தவுடன் உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், 16 மி.மீ. பிளக் ஸ்பேனர் போதும். ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, பிளக் இல்லாமலே மெதுவாக மிதியுங்கள். ஆயிலை ஊற்றி ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றுங்கள். ஆறாம் நாள் வண்டி ஸ்டார்ட் ஆனது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ஆர்சி 2024-இலேயே முடிந்திருந்தது. பதினைந்து வருடம் ஆனால் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, கட்டணத்தோடு பசுமை வரியும் கட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கவேண்டும். தாமதத்துக்குத் தனியாகப் பணம். ஆனால் புதுப்பிக்க வேண்டியவர் உயிரோடு இல்லை. பேர் மாற்ற படிவம் 31, அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். வாரிசுச் சான்றுக்கு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று படி. இறந்து மூன்று மாதத்துக்குள் முடித்திருக்கவேண்டிய வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் விமானம் ஏறிவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் அம்மாவுக்கு ஒரு கையெழுத்துகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

சான்றெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்ததும் குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன். அங்கே சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துக் குழாயில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது. முந்தின நாள் சாயங்காலம், எண் பளிச்சென்று தெரியட்டுமே என்று, நானே எமரித் தாளால் அந்த இடத்துத் துருவைத் தேய்த்திருந்தேன். தாளில் கடைசி நான்கு எண்களில் இரண்டு விழவில்லை. 8 இருந்த இடத்தில் வெறும் சாம்பல் பூச்சு. அங்கிருந்த அதிகாரி மறுபடி தேய்த்தார், மறுபடியும் அதேதான். "நம்பர்ல கை வச்சிருக்கீங்க சார்" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். வெள்ளத்தில் கிடந்த வண்டி என்றேன், போட்டோ காட்டினேன். இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து இன்னொரு நாளைக்கு. எண்ணை மறுபடி குத்த அனுமதி வேண்டும், அதற்குத் தனி மனு. ஐந்து தடவை போனேன். வெயிலில் சுவரோரம் நிற்கும்போதெல்லாம், அப்பா இதே மாதிரி எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க எத்தனை வரிசையில் நின்றார் என்பதுதான் நினைப்பு.

அந்த எண்ணின் மேல் எமரித் தாளோ கம்பி பிரஷ்ஷோ படவே கூடாது. மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். அதைத் தொடுவதற்கு முன்பே ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது புல்லரையும் சாக்கெட்டையும் அப்பாவின் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அவரு இருக்கும்போது வாங்கியிருந்தா அவரே கழத்திருப்பாருப்பா" என்றார்.

மனு இன்னும் நடக்கிறது. சனிக்கிழமைதோறும் எதிர்வீட்டுப் பையன் வந்து முற்றத்தில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுகிறான். தெருவுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், இன்சூரன்ஸ் இல்லை.