ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஓர் அழுத்த எண் அச்சாகியிருக்கும். 44, 50, கனமான டயர்களில் 80 என்றுகூட இருக்கும். புதிதாக ஃபோர் வீல் டிரைவ் ஓட்ட வருபவர்களில் பலர் அந்த எண்ணைப் பார்த்துக் காற்று அடித்துவிடுகிறார்கள். அது அந்த டயருக்கான உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை. வண்டிக்கானது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. தார்ச்சாலையில் வைக்கும் அளவை மணலுக்குள்ளும் வைத்திருந்தால், நாலு சக்கரமும் சுற்றியும் வண்டி நகராது.

முதலில் ஒரு நல்ல கேஜ்

காற்று அடிக்கும் இடத்தில் தொங்கும் கேஜை, அதாவது அழுத்தம் காட்டும் கருவியை, நம்ப வேண்டாம், எத்தனை முறை கீழே விழுந்ததோ யாருக்குத் தெரியும். சொந்தமாக ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். 0 முதல் 60 பி.எஸ்.ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு; இங்கே வரும் அழுத்த எண்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்) வரை காட்டுவது போதும். 150 வரை காட்டும் கேஜில் 16-க்கும் 19-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, நமக்கோ அந்த வித்தியாசம்தான் முக்கியம். உங்கள் கேஜ் பார் கணக்கில் இருந்தால் 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ, கிலோபாஸ்கலில் 100.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்கவும்

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். வெயில் ஒரு பக்கமாக விழும் இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்க டயர்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதையும் கவனியுங்கள்.

ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும்: ஆள் குறைவாக இருக்கும்போது, முழுப் பாரம் ஏற்றும்போது. பாரம் எல்லாம் பின்னால்தான் உட்காருகிறது என்பதால் இரண்டாவது வரியில் பின் டயருக்கு எண் கூடும். கூரையில் கூடாரம், பின்னால் தண்ணீர் கேன், பெட்டிகள் என்று போகிறவர்கள் இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும். கார் டயரைக் கழற்றிவிட்டு லைட் டிரக் வகை (சிறு சரக்கு வண்டிகளுக்கான கனமான) டயர் மாட்டியிருந்தால் ஸ்டிக்கர் எண் அப்படியே பொருந்தாது. அதே பாரத்தைச் சுமக்க அந்த வகைக்குப் பொதுவாகக் கூடுதல் காற்று தேவைப்படும். டயர் மாட்டும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பி.எஸ்.ஐ சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. டயரே பதில் சொல்லிவிடும்.

குளிர்ந்த டயரில் 32 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வேகத்தில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி உடனே அளந்து பாருங்கள். 36 அளவில் நின்றால் சரி. 40-ஐத் தொட்டுவிட்டது என்றால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதாவது காலையில் வைத்த காற்று அந்தப் பாரத்துக்கும் வேகத்துக்கும் போதவில்லை. 33-தான் காட்டுகிறது என்றால் காற்று கூடிப்போயிற்று. கனமான லைட் டிரக் டயர் என்றால் 4-க்குப் பதிலாக 6 வரை ஏறலாம் என்பது வழக்கக் கணக்கு.

ஏன் இப்படி? காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சுடுமே, அதே கதைதான். 32 பி.எஸ்.ஐ இருக்கும் டயரில் 4 ஏறினால் உள்ளே உள்ள காற்று சுமார் 25 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். 8 ஏறினால் 50 டிகிரி. வேகமாக ஓட்டும்போது டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் காற்றுக் குறைவு, அதனால் வரும் சூடு.

இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் தப்பு ஒன்று உண்டு. 40 காட்டுகிறதே என்று பயந்து, சூடாக இருக்கும்போதே 4 பி.எஸ்.ஐ-யை இறக்கிவிடுவார்கள். ஏற்கெனவே காற்று போதாத டயர் இன்னும் நசுங்கி இன்னும் சூடாகும். வேகத்தைக் குறைத்து ஓட்டி வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 2 கூட்டி, மறுபடி சோதியுங்கள். இரண்டு மூன்று தடவையில் உங்கள் வண்டிக்கான எண் கிடைத்துவிடும்.

சாக்பீஸ் சோதனையும் உண்டு. டயர் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) மேல் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

சாலை முடிந்த பிறகு

சரி, இனி காற்றை இறக்கும் வேலை. ஏன் இறக்குகிறோம் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 2,000 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 500 கிலோ. 35 பி.எஸ்.ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ. ஆக, டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்த்து ஒரு கையை விடக் கொஞ்சம் பெரிது. காற்றைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் அச்சு அசலாக இரட்டிப்பாகாது, ஆனால் போக்கு இதுதான். இந்தக் கூடுதல் இடம் அகலத்தில் அதிகம் வருவதில்லை, பெரும்பாலும் நீளத்தில் வருகிறது. டயர் ராணுவ டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி நீளமாகப் படுத்துக்கொள்ளும்.

சரளை, கரடு முரடான மண் சாலைக்கு 26 முதல் 28 போதும். கூர்மையான கல் டயரைக் குத்துவதற்குப் பதிலாக டயர் அதன்மேல் அமுங்கிப் போகும், உடம்புக் குலுக்கலும் குறையும். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். பாறை ஏறும்போது 20-ஐ ஒட்டி, நடக்கிற வேகத்தில், லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான கியர் நிலை). அப்போது டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கியிருக்கும், விளிம்பு கூரான கல்லில் உரசினால் கிழிந்துவிடும். சக்கரத்தைக் கல்லின் ஓரமாக விடாமல் அதன் மேலேயே ஏற்றுங்கள். சேற்றுக்கு ஒரே பதில் கிடையாது. ஆழமான குழைசேறு என்றால் 20-ஐ ஒட்டி இறக்கலாம். மேலே மட்டும் வழுக்கி அடியில் கெட்டித் தரை இருந்தால் இறக்காமல் விடுவதே நல்லது, டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியைப் பிடிக்கும்.

மணல்

முதல் முறை மணலில் இறங்கியபோது நான் 36-ல் இருந்து 30-க்கு இறக்கினேன். நிறையவே இறக்கிவிட்டதாக நினைப்பு. முப்பது அடி போவதற்குள் பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிட்டன. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க குழி ஆழமானதுதான் மிச்சம். ஒரு மணி நேரம் கையால் மணல் தோண்டிய பிறகு கூட வந்தவர், "அண்ணே, இன்னும் காத்த இறக்குங்க" என்றார். எனக்கோ டயர் கழன்றுவிடுமோ என்று பயம். 16-க்கு இறக்கியதும், மணலே இல்லாத மாதிரி வண்டி பின்னால் ஊர்ந்து வெளியே வந்தது.

ஆகவே மணலுக்கு 16 முதல் 18. இறங்குவதற்கு முன்பே இறக்குங்கள், சிக்கிய பிறகு அல்ல. சிக்கிவிட்டால் 12 வரை போகலாம். 10-க்குக் கீழே போனால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவும் அபாயம் கூடுகிறது. இந்த அழுத்தத்தில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கக் கூடாது, வேகம் 40-க்குள் இருக்கட்டும். அழுத்த எச்சரிக்கை விளக்கு டாஷ்போர்டில் எரியும். இங்கே அது எதிர்பார்த்ததுதான்.

இறக்கும் முறை எளிது. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள் (தரையில் வைத்தால் மணலுக்குக் காணிக்கை). வால்வு நடுவில் இருக்கும் சின்ன ஊசியைக் கேஜின் பின்பக்க முனையாலோ சாவியாலோ அழுத்துங்கள். 30 எண்ணும் வரை காற்றை விட்டு, அளந்து பாருங்கள். எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால் மீதியைக் கணக்குப் போடலாம். அழுத்தம் குறையக் குறைய காற்று மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் கடைசிப் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ண வேண்டும்.

இன்னொன்று: ஒரு மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு நேராக மணலுக்கு வருகிறீர்கள், டயர் சூடாக இருக்கிறது. அப்போது 18 வைத்தால், இரவு தங்கி மறுநாள் காலை அளக்கும்போது 15 அல்லது 16-தான் இருக்கும். பஞ்சர் என்று பதற வேண்டாம், நாலும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அது குளிர்ச்சிதான். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் ஆணியைத் தேடுங்கள்.

திரும்ப அடிக்க

இறக்கத் தெரிந்தவன் ஏற்றவும் வழி வைத்திருக்க வேண்டும். 16 பி.எஸ்.ஐ-யில் தார்ச்சாலையில் வேகம் பிடித்தால் டயர் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று அவசியம். பெரிய கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃபியூஸ் போய்விடும், பேட்டரியில் நேராகக் கவ்வியை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு அடியுங்கள். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரஸர் மேல் கையை வைத்துப் பாருங்கள், கொதித்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூடாக அடித்த அளவு சூடான அளவுதான், அதனால் மறுநாள் காலை குளிர்ந்த பின் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் ஸ்டெப்னி. வண்டிக்கு அடியில் தொங்கும் அதை மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, தேவைப்படும் நாளில் அதுவும் சப்பையாக இருக்கும். மாதம் ஒரு முறை மற்ற நாலோடு சேர்த்து அளந்து, முழுப் பாரத்தில் பின் டயருக்குச் சொன்ன அளவை அதில் வைத்துவிடுங்கள். முன்னால் மாட்ட வேண்டி வந்தால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம், காட்டில் ஏற்றுவதுதான் சிரமம்.